வேலூர்ப் பக்கம் குடியை விட நினைப்பவர் எந்தக் கூட்டத்துக்குப் போகலாம்?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் குடியை விட நினைக்கும் ஒருவருக்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இருக்கிறது. மருத்துவமனை மனநலப் பிரிவின் குழு ஆலோசனை இருக்கிறது. மறுவாழ்வு மையங்கள் தங்களிடம் தங்கிப் போனவர்களுக்காக வைக்கும் தொடர் சந்திப்பு, செல்போனில் நடக்கும் கூட்டம், ஜெபக்குழு, மாலை போடுவது, கோயிலில் கயிறு கட்டுவது என்று பட்டியல் நீளும். எது நல்லது என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மனைவிமார்கள், அம்மாக்கள், அக்கா தங்கைகள். குடிக்கிறவரே கேட்டு வருவது அபூர்வம்.

என் தம்பி குடிநோயிலிருந்து மீண்டவன். அவனோடு பல ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு மற்றவர்களையும் அழைத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொள்கை, பெயர், புகழ் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் வழக்கமாகக் குடிக்கப் போகிற நேரத்தில் நடக்கிறதா? வேலை முடிந்து அலுங்காமல் போய்ச் சேருகிற தூரமா? அவருக்கு வாயில் வருகிற மொழியில் பேசுகிறார்களா? ராத்திரி ஒன்பது மணிக்கு மனம் தடுமாறி போன் அடித்தால் எடுக்கிற ஒருத்தராவது அங்கே இருக்கிறாரா? இந்த நாலுக்கும் 'ஆமாம்' என்று பதில் வருகிற கூட்டம்தான் அவருக்கான கூட்டம். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அதில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைதான் எங்கள் வீட்டுக்கு எமகண்டம். அந்த மூன்று மணி நேரத்துக்கு எது துணை நிற்கிறது என்ற கணக்கில்தான் நான் எல்லா வழிகளையும் எடை போடுகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர்

காலையில் எழுந்ததும் குடிக்கிறவர், கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் போடுகிறவர் என்றால் நேராகக் கூட்டத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். பல வருடம் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு நினைவே குழம்பிப்போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், எழுந்து ஓடுவார்கள். காத்து சேஷ்டை என்று நினைத்து மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது உயிருக்கே ஆபத்தான நிலை. சில நாள் டாக்டர் கண்காணிப்பில், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தோடு, தயமின் எனும் பி1 வைட்டமினும் ஏற்றித்தான் அதைக் கடக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டாலே சொல்வார்கள். கிளம்பக்கூட தைரியம் வராதவர்கள் முதலில் 14416-க்கு அடிக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய இலவச எண்ணும் உண்டு.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி ஒரு பொட்டலம்கூட வாங்காதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. டாக்டர் பரிசோதித்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுப்பது அது. தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தில் இருப்பது என்ன மருந்து என்பதே தெரியாது என்பது தனி அபாயம்.

ஏ.ஏ. கூட்டம்

1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் என்ற ஊரில், குடியால் நொடித்துப்போன ஒரு பங்குத் தரகரும் அதே நோய் பிடித்த ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருந்ததில் தொடங்கியது ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சேருவதற்கு ஒரே ஒரு தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, ஆதார் கார்டு கேட்க மாட்டார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், இல்லாதவர்கள் பையை அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி.

கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மனைவி, அம்மா, மாணவர்கள், நர்ஸுகள் எல்லாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல் தடவை துணைக்கு ஆள் இல்லாமல் போக மாட்டேன் என்கிறவருக்குத் திறந்த கூட்டம் பொருத்தம். ஆனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நிறையப் பேருக்கு வாய் திறக்காது. தாலியை அடகு வைத்த கதையை அவள் முன்னால் எப்படிச் சொல்வார்? அதனால் முதல் ஒன்றிரண்டு முறை திறந்த கூட்டம், பிறகு அவர் தனியாக மூடிய கூட்டம் என்று மாறிக்கொள்வதே நல்லது.

நான் உட்கார்ந்திருந்த ஒரு திறந்த கூட்டம் பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கரும்பலகையில் அன்றைய பின்னக் கணக்கு அழிக்காமல் இருந்தது. பெரிய ஆண்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். நகக்கண்ணில் சாயம் ஏறிப்போன கையால் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினார். "சனிக்கெழம கூலி வாங்கனா காலு தானா கடைக்குத்தான் போவும். இப்ப சம்சாரத்த கம்பெனி கேட்டாண்ட வரச் சொல்லிட்றேன். கவர பிரிக்காம அவ கையில குட்த்துட்டு நேரா இங்க வந்துட்றேன். பாக்கெட்ல பஸ்ஸுக்கு மட்டும்தான் துட்டு." அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை, புத்திமதி சொல்லவில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதோ, அவர் பேச்சுக்குப் பதில் சொல்வதோ அங்கே வழக்கமில்லை. நன்றி என்றார்கள், அடுத்தவர் எழுந்தார். கடைசிப் பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டிருந்த புதுப் பையன் ஒருவன் அந்தக் கவர் விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான். (அந்தத் தொழிலாளியிடம் பிறகு கேட்டேன். எழுதும்மா, ஊர் பேர் போடாதே என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அறையில் கேட்டது அறையோடு என்பது அங்கே பெரிய கட்டுப்பாடு.)

இதுதான் ஏ.ஏ.யின் பலம் என்று நான் நினைக்கிறேன். கூலி நாளை எப்படித் தாண்டுவது, மச்சான் கல்யாணத்தில் எப்படித் தப்பிப்பது, துக்க வீட்டில் கையில் கிளாஸைத் திணித்தால் என்ன சொல்வது என்பதை அதே நிலைமையில் இருந்த ஆள் சொல்கிறார். 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று அவர்கள் சொல்வது, வாழ்நாள் முழுக்க எப்படி என்று பயந்து நிற்கிறவருக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்தது ஸ்பான்சர். சில வருடம் குடிக்காமல் இருப்பவர் ஒருவர் புதியவருக்கு வழித்துணையாக இருப்பார். போன் எடுப்பார், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளைக் கூட இருந்து செய்ய வைப்பார். ஸ்பான்சர் கிடைக்காமல் கூட்டத்துக்கு மட்டும் போய் வருகிறவர்கள் சீக்கிரம் நின்றுவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பேசுகிறவரைவிட, போனை எடுக்கிறவரைப் பாருங்கள். பணம் கைமாற்றுக் கேட்பவரைத் தவிருங்கள். பெண்களுக்குப் பெண் ஸ்பான்சர்தான், அதில் சமரசமே வேண்டாம்.

கடவுள் விஷயம் நம் பக்கத்தில் இரண்டு வகை ஆட்களுக்கு இடிக்கும். ஒருவர் கடவுள் இல்லை என்கிற கறுப்புச் சட்டைக்காரர். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே என்று எழுந்து போய்விடுவார். இன்னொருவர் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம். பெரும்பாலான ஊர்களில் சர்ச் வளாகம் அல்லது மிஷன் பள்ளியில்தான் இடம் கிடைக்கிறது என்பதால், மதம் மாற்றும் கூட்டமோ என்று தயங்குவார். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. படிகளிலேயே 'நாங்கள் உணர்ந்துகொண்ட விதத்தில்' என்ற வார்த்தையோடுதான் கடவுள் வருகிறார். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு, சாமி கும்பிடாமலே வருடக்கணக்கில் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்பதால் ஒன்றில் பிரார்த்தனை தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் பேச்சே பேச்சாக இருக்கும். ஒரு குழு பிடிக்கவில்லை என்பதற்காக ஏ.ஏ.யே வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து இடம் உட்கார்ந்து பாருங்கள்.

இதெல்லாம் வெறும் பேச்சுதானே, குணமாகுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட முன்னால் நின்றது. 'முறையாக இணைத்துவிடும்' என்பதை அடிக்கோடு இட்டுப் படியுங்கள். முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது வேறு. ஆலோசகர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, போக வைத்து, போனாயா என்று அடுத்த வாரம் கேட்டு, ஆளோடு சேர்த்துவிடுவது வேறு.

கூட்டம் எங்கே, என்றைக்கு என்று ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் பார்க்கலாம், மருத்துவமனை சமூகப் பணியாளரிடமும் கேட்கலாம். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் போன் போட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். மனதைத் தேற்றி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால், திரும்புகிற வழியில் கடை திறந்திருக்கும்.

உள்ளூரா, வெளியூரா?

குடியாத்தத்துக்காரர் வேலூர் கூட்டம் வேண்டும் என்பார். வேலூர்க்காரர் சென்னைக்கே போகிறேன் என்பார். எல்லாம் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. அந்த வெட்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. மற்றவர்களைத் தடுப்பதில் வெட்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் ஆம்பளைகளுக்கு நான் உள்ளூரைத்தான் சொல்வேன். வெளியூர்க் கூட்டத்துக்கு முதல் மாதம் ஆர்வமாகப் போவார்கள். பிறகு மழை வரும், ஓவர்டைம் வரும், ஏழரை மணிக்கு முடிகிற கூட்டத்திலிருந்து ஓடிவந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் நட்பு உண்டாகிற நேரம். பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு அது கிடைக்காது. கஷ்டமான நேரத்தில் ஓடிவரவும் பக்கத்துத் தெருக்காரர்தானே முடியும்?

பெண்களுக்கும், ஆசிரியர், போலீஸ் மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. ஒரு பெண் குடிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் அவளை வாழவிடாது. அவர்கள் அடுத்த ஊர்க் கூட்டத்தையோ செல்போன் கூட்டத்தையோ தேர்ந்தெடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. அரக்கோணத்துக்கும் அப்படியே.

மருத்துவமனைக் குழு

மருத்துவமனையில் குழுவை நடத்துவது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர். குடிக்கத் தூண்டுவது எது, ஆசை எழும்பினால் அடங்கும் வரை என்ன செய்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று பாடம் மாதிரி சொல்லித் தருவார்கள். கூடவே மாத்திரையும் கவனிக்கப்படும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சந்தேக நோய், தூக்கமின்மை என்று இன்னொன்றும் சேர்ந்து இருப்பவருக்கு இதுவே முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வீட்டுக்காரர்களும் நோயைப் புரிந்துகொள்ள அது நல்ல ஏற்பாடு.

குறை என்னவென்றால் நேரம். இதெல்லாம் பகலில் நடக்கும். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பார்த்துவிட்டு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த டாக்டர் நம்மோடு இருக்க மாட்டார். அதனால் மருத்துவமனையா ஏ.ஏ.யா என்று கேட்பவர்களிடம் இரண்டும்தான் என்கிறேன். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அங்கே, சாயங்காலத்துக்கு இங்கே. கூட்டத்தில் யாராவது மாத்திரையும் போதைதான், தூக்கிப் போடு என்று சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.யே சொல்லியிருக்கிறது.

மறுவாழ்வு மையத்தின் தொடர் சந்திப்பு

தங்கி சிகிச்சை எடுத்த இடத்திலேயே மாதம் ஒருமுறை பழைய ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கூடத் தங்கியவர்களைத் திரும்பப் பார்ப்பதில் உற்சாகம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனைக்கு நம் மாவட்டத்திலிருந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தங்கும் இடம் தூரமாக இருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு மாதம் ஒரு சந்திப்பு போதாது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்னாலேயே எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் குழு என்று கேட்டு, அங்கே ஒருவர் போன் எண்ணை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்டிப்பாக விசாரியுங்கள். 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநல பாதிப்புக்கும் பொருந்தும். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் தினமும் வருவாரா என்று கேளுங்கள். நாங்களே வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம், மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்று சொல்கிற இடத்துக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அனுப்பாதீர்கள். அடி வாங்கித் திரும்பியவர் அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாலை, கயிறு, ஜெபம்

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வராது. எங்கள் பக்கம் வருடம் முழுக்கக் குடித்துவிட்டு, கார்த்திகை மாதம் மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுகூடத் தொடாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த மண்டலத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அதே சாயங்கால நேரத்தில் குளித்துவிட்டு பஜனைக்குப் போகிறார். குருசாமி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பயந்து நடக்கிறார். நேற்றுவரை குடிகாரன் என்றவர்களே சாமி என்று கூப்பிடுகிறார்கள். குடிகாரக் கூட்டாளிகள்கூட, மாலை போட்டிருக்கிறான் விடுடா என்று விலகுகிறார்கள். நல்ல கூட்டம் ஒன்று செய்ய வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்கே அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. திரும்புகிற வேனிலேயே பாட்டில் திறக்கிறவர்கள் உண்டு.

அதனால் மாலை போட்டிருக்கும் கணவரின் மனைவிக்கு நான் சொல்வது: மண்டலம் முடியும் முன்னாலேயே அவரை ஒரு திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது. மாலை கழற்றிய மறுநாள் சாயங்காலம் போக ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். ஆனால் காலையிலேயே குடிக்கிற அளவுக்கு முற்றியவர் திடீரென்று மாலை போட்டு நிறுத்துவதும் ஆபத்துதான். முதலில் டாக்டர், பிறகு மாலை.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வதில் பயம் இருக்கிறது, ஆள் துணை இல்லை. ஒருமுறை மீறிவிட்டால் சாமி தண்டிக்கும் என்ற குற்ற உணர்ச்சியே இன்னும் குடிக்க வைக்கும். சர்ச் ஜெபக்குழு, பள்ளிவாசல் பெரியவர்களின் அரவணைப்பு இவற்றில் ஆள் துணை உண்டு. விசுவாசம் உள்ளவருக்கு அது நல்ல தாங்கல். மறுபடி குடித்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் வந்து சொல்ல அங்கே இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செல்போனில் கூட்டம்

கொரோனா காலத்தில் இவை பெருகின. தமிழிலும் ஏ.ஏ. கூட்டங்கள் இணையத்தில் நடக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு, கைக்குழந்தையை விட்டு நகர முடியாத பெண்ணுக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பையனுக்கு இது வரம். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். அதுவேதான் இதன் பலவீனமும். வாயில் வாடையோடு உட்கார்ந்தாலும் யாருக்கும் தெரியாது. கடவுள் பேச்சே வேண்டாம், அறிவு வழியில் போக வேண்டும் என்கிறவர்கள் ஸ்மார்ட் ரெக்கவரி கூட்டத்தைப் பார்க்கலாம். 1994-ல் தொடங்கியது, எண்ணங்களையும் ஆசையையும் கையாளும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு நேரில் நடக்கும் கூட்டத்துக்கு இடையே உள்ள நாட்களை நிரப்பிக்கொள்ள இணையம் போதும்.

யாருக்கு எதைச் சொல்வேன்

முதல்முறை நிறுத்த நினைக்கும் தொழிலாளி என்றால், உடம்பை டாக்டரிடம் காட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் பக்கத்துத் தமிழ் ஏ.ஏ. கூட்டம். கூலி நாளில் கூட்டம் இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் ஸ்பான்சர் வீட்டுக்குப் போய் உட்காரட்டும். உருதுவில்தான் மனம் திறக்கும் என்கிறவர் தன் மொழி பேசுகிற உறுப்பினர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் போகலாம். அழும்போது வருகிற மொழியில்தான் உண்மை வரும்.

ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்கு ராணுவக் கேன்டீன் கோட்டாவிலேயே மது கிடைத்துவிடுகிறது, டாஸ்மாக் கடைக்குப் போகும் வெட்கம்கூட இல்லை. தனக்குக் குடிநோய் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நாளாகும். இன்னொரு முன்னாள் ராணுவத்தினர் இருக்கும் குழுவாகப் பார்த்து அனுப்புங்கள், அவர் பேச்சு எடுபடும். அந்தக் கேன்டீன் கார்டை மனைவி பொறுப்பில் வைப்பதும் நல்லது.

மனநோய்க்கான மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவமனைக் குழுவை விடவே கூடாது. ஒருமுறை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தவர் புதுக் கூட்டம் தேடி அலைய வேண்டாம். அதே பழைய கூட்டத்துக்கு அடுத்த நாளே போக வேண்டும். ஏ.ஏ.யில் மறுபடி வந்தவரை யாரும் திட்டுவதில்லை, நாற்காலி போடுவார்கள்.

வரவே மாட்டேன் என்கிறவர் வீட்டுக்கும் வழி இருக்கிறது. குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-ல் உருவானது. வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு. அவர் வந்தாலும் வராவிட்டாலும் மனைவி போகலாம். குடிக்குக் காரணம் நீ இல்லை, அதை உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். பாட்டிலை ஒளித்து வைப்பது, கடனை அடைப்பது, உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்குப் பொய் சொல்வது இதையெல்லாம் மெல்ல மெல்ல விட்டுவிட்ட வீடுகளில், சில மாதம் கழித்து அவரே, "நீ போற எடத்துக்கு நானும் வரட்டா?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அல்-அனான் குழு கிடைக்காத பெண்கள், காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறி மனநல மையத்தில் ஓ.பி. போட்டு, என் கணவர் வர மறுக்கிறார், நான் என்ன செய்ய வேண்டும் என்று சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. அவரிடம் கையேந்தாமல் போய் வரலாம்.